இரத்தம் காரமா, அமிலமா?

மனித இரத்தத்தின் பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை இருக்கும். அதாவது சற்றே காரத்தன்மை கொண்டது. இந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இதை மருத்துவர்கள் கண்கூடாகக் கண்ட இடங்களில் ஒன்று டென்மார்க்.

1952-இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலிழந்து, சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். அவர்களது இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. எனவே இரத்தம் காரமாகிவிட்டது என்றே மருத்துவர்கள் எண்ணினர்.

மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் இதை மறுத்தார். மூச்சு போதாததால் கரியமில வாயு உள்ளேயே தங்கி இரத்தத்தை அமிலமாக்குகிறது என்றார். ஆய்வகத்தில் போல் ஆஸ்ட்ரூப் பி.எச். அளந்து பார்த்தார். இப்சன் சொன்னதே சரி. பைகார்பனேட் கூடியது, அமிலத்தை ஈடுகட்ட உடல் செய்த முயற்சி.

ஆகஸ்ட் 27 அன்று, இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினர். ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார் இப்சன். சிறுமி பிழைத்தாள்.

பிறகு சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு வேர்விட்டது அங்கேதான்.