நினைவகத்தை முடுக்கிய கதை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், தலவாக்கலையில் உள்ள எனது வீட்டுக் கணினியில் சேமித்திருந்த சுருக்கக் கோப்பு ஒன்று திறக்க மறுத்துவிட்டது. தோட்டப்புறத்து முதியவர்கள் பலரைச் சந்தித்து, பிரஜாவுரிமைக்காக அவர்கள் அலைந்த கதைகளைக் கேட்டு எழுதிவைத்த பதிவுகள் அதில் இருந்தன. சில வாரங்களுக்கு முன்னர்தான் எல்லாவற்றையும் புதிய வன்தட்டுக்கு மாற்றியிருந்தேன். நல்லவேளையாகப் பென் டிரைவில் பழைய பிரதி ஒன்று இருந்தது. சுருக்காமல் வைத்திருந்த கோப்புகளை அப்பிரதியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். மூன்று இடங்களில் வேறுபாடு. அவற்றுள் ஒன்று ஒரு மூதாட்டியின் பெயர். நான் ரகரம் எழுதியிருந்த இடத்தில் றகரம் இருந்தது.

பத்திரிகை அலுவலகங்களில் அச்சுப் பிழைகளோடு காலம் கழித்தவன் நான். அச்சுக் கோப்பவர் செய்த பிழை, ஒப்பு நோக்குபவர் கவனிக்காத பிழை, ஆசிரியரே செய்துவிட்டுப் பிறர்மேல் போட்ட பிழை, எல்லாவற்றையும் கண்டிருக்கின்றேன். ஆனால், யாரும் கை வைக்காமல் ஓர் எழுத்து தானாக மாறியதை அன்றுதான் கண்டேன். தானாக என்று சொல்வதும் சரியன்று. கணினியின் நினைவகத்தை அதன் இயல்புக்கு மேல் விரட்டியவன் நானே.

இதற்கு ஓவர்குளொக்கிங் என்று பெயர். தமிழில் முடுக்குதல் எனலாம். இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

இன்று நாம் பயன்படுத்தும் ரேம் நினைவகத்தின் அடிப்படையை 1966இல் கண்டவர் ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கொள்ளளவி, அதில் சிறிதளவு மின்னேற்றம். மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். இந்த மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். ஆகவே, ஒவ்வொரு 64 மில்லிசெக்கனுக்குள்ளும் நினைவகம் முழுவதையும் ஒரு முறை வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். இதைப் பின்னர் நினைவுபடுத்துவேன்.

நினைவகத்தின் வேகத்தில் வீட்டுப் பாவனையாளர்கள் பரவலாகக் கைவைக்கத் தொடங்கியது 1998இல். அந்த ஆண்டு இன்டெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்ற மலிவான செயலியை வெளியிட்டது. 66 மெகாஹேர்ட்ஸ் வழித்தடத்தை நாலரை மடங்காக்கி 300இல் ஓடுவது அது. அந்த மடங்கை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டிவிட்டது. சரி, மடங்கைத்தானே பூட்டினீர்கள் என்று, பையன்கள் வழித்தடத்தையே 100 ஆக்கினார்கள். செயலி 450இல் ஓடியது. விலையுயர்ந்த பென்டியத்தின் வேகம் ஏழையின் கைக்கு வந்தது. ஆனால், நினைவகமும் அந்த வழித்தடத்தோடு கட்டுண்டது என்பதால் அதுவும் 100இல் ஓடியாக வேண்டும். 66க்கென வாங்கிய பழைய நினைவகங்கள் பல அங்கே மூச்சுத் திணறின. எந்தச் சில்லு தாக்குப்பிடிக்கும், எது பிடிக்காது என்று ஆராய்வதே ஒரு கலையாகியது. 2000களில் பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளில், சில்லின் மேல் பொறித்திருக்கும் இலக்கத்தைக் கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்து வாங்கிய இளைஞர்களைக் கண்டிருக்கின்றேன். நகைக்கடையில் மாற்றுப் பார்ப்பவர்களின் முகம் அவர்களுக்கு.

2007இல் இன்டெல் இந்தக் கள்ளத்தனத்துக்கு அதிகாரபூர்வ வடிவம் கொடுத்தது. எக்ஸ்எம்பி என்ற பெயரில், நினைவகத் தகட்டில் உள்ள சிறு சில்லிலேயே கூடுதல் வேகத்துக்கான அளவுகளை எழுதிவைத்தார்கள். பயோஸில் ஓர் இடத்தை மாற்றினால் போதும். ஏஎம்டி நிறுவனமும் 2022இல் எக்ஸ்போ என்று தனது முறையைக் கொண்டுவந்தது. பெட்டியில் 3200 என்று அச்சிட்டு விற்கும் நினைவகம் பல வேளைகளில் 2400இலேயே விழித்தெழும் என்பதைப் பெரும்பாலானோர் அறியார். மீதி வேகம் நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

எனது கணினியிலும் அப்படியே. 2022 ஜனவரியில் ஊருக்கு வந்திருந்த பேரன் இதைக் கண்டுபிடித்து, "தாத்தா, காசு கொடுத்து வாங்கின வேகத்தப் பெட்டிக்குள்ளயே பூட்டி வச்சிருக்கீங்களே" என்றான். பழைய பத்திரிகைகளை வருடிப் படமாக்கும் வேலையில் கணினி தவழ்ந்துகொண்டிருந்தது உண்மை. புதிதாக வாங்கும் எண்ணமும் அவ்வாண்டில் விரைவில் கைவிட வேண்டியதாயிற்று. டொலர் ஒன்றுக்கு 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிவிட்டது.

என் கணினியில் இருந்த இரண்டு தகடுகளும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. எக்ஸ்எம்பியை இயக்கியதும் திரை இருண்டது. ஆகவே, கையால் அளவுகளை இட்டோம். வேகம் 3000, மின்னழுத்தம் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35, தாமத அளவுகள் 16, 18, 18, 36. கணினி விழித்தது. மெம்டெஸ்ட்86 என்ற சோதனைக் கருவியை, 1994 முதல் புழக்கத்தில் உள்ளது அது, இரவு ஒரு சுற்று ஓட்டினோம். பிழை இல்லை. பேரன் கொழும்புக்குத் திரும்பினான்.

தலவாக்கலை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஜனவரி இரவின் குளிர் உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் சோதித்தது அந்தக் குளிரில். மார்ச் மாதத்து நண்பகலில், தகரக் கூரையின் கீழ், பெட்டிக்குள் இருந்த வெப்பம் வேறு. கசிவு பற்றி முன்னர் சொன்னது இங்குதான் பொருந்துகின்றது. முறையான சோதனைக்குக் குறைந்தது நான்கு சுற்றுகள் வேண்டும். அதற்குப் பல மணி நேரம் செல்லும். அக்காலத்தில் அத்தனை மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் ஏது? மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணைக்கட்டு எங்கள் ஊரில்தான் உள்ளது. அதன் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு இருந்தோம்.

இனி அந்த ரகரத்துக்கு வருகின்றேன். யுனிகோட் அட்டவணையில் ரகரத்தின் இலக்கம் 2992, றகரத்தின் இலக்கம் 2993. இரும எண்களாக எழுதினால் கடைசிப் பிட் மட்டுமே வேறுபடும். லகர ளகரமும் அவ்வாறே, 2994, 2995. ந, ன இரண்டும் 2984, 2985. தமிழாசிரியர்கள் எந்தெந்த எழுத்துகளில் நம் காதைத் திருகினார்களோ, அவற்றுள் பலவற்றுக்கு இடையே ஒரே ஒரு பிட் தூரம். ஒரு கொள்ளளவியில் மின்னேற்றம் கசிந்தால் அல்லது தவறாக வாசிக்கப்பட்டால் போதும். படக் கோப்பில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கவனிக்கப்போகின்றார்கள்? சுருக்கக் கோப்பு தன்னைத் தானே சரிபார்க்கும் இலக்கத்தை வைத்திருந்தபடியால் முரண்டு பிடித்தது. வெறும் எழுத்துக் கோப்புக்கு அந்தக் காவல் இல்லை. இத்தகைய பிழையைத் திருத்தும் முறையை ரிச்சர்ட் ஹமிங் 1950இலேயே வெளியிட்டுவிட்டார். அதன் வழிவந்த நினைவகங்கள் வழங்கிகளில் உண்டு. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை.

ஓர் எழுத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். 1948இல் எமது மக்களின் குடியுரிமை பறிபோனது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தேன் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும் என்பது சட்டம். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் வேறொரு பெயர் என்று நின்றவர்களின் கதைகளைத்தான் நான் எழுதிவைத்திருந்தேன். அந்தக் கோப்பிலேயே பெயரை மாற்றிவிட்டு, அதைக் கவனிக்காமல் வெளியிட்டிருந்தால், அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மின்சாரம் சீரானபின் சோதனையை மீண்டும் ஓட்டினேன். மூன்றாம் சுற்றில், ஒரே முகவரியில் இரண்டு பிழைகள். வேகத்தை 2666க்கு இறக்கி, கொதிக்கும் நண்பகலில் ஆறு சுற்று ஓட்டினேன், பிழை இல்லை. பிறகு அதையும் கழற்றிவிட்டு 2400க்கே போய்விட்டேன். வருடும் வேலை மறுபடியும் தவழ்கின்றது. பேரனுக்கு வருத்தந்தான்.

ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் சேமித்த கோப்புகளுள் பழைய பிரதி இல்லாதவையும் உண்டு. அவற்றைக் கையெழுத்துக் குறிப்புகளோடு வைத்து, பேனாவும் கையுமாக ஒப்பு நோக்கிக்கொண்டிருக்கின்றேன். நான்கு கொப்பிகள் முடிந்தன. இன்னும் ஏழு இருக்கின்றன.