சிறுநீரகக் கல்லுக்கான அதிர்வலை சிகிச்சையும் சிறுநீரகப் பாதிப்பும்

அதிர்வலை சிகிச்சை என்பது, உடலை அறுக்காமல் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திச் சிறுநீரகக் கல்லைப் பொடியாக்கும் முறையாகும். இது லித்தோட்ரிப்சி எனவும் அழைக்கப்படுகிறது. வியர்வை மிகுந்து சிறுநீர் செறிவடையும்போது கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பளத் தொழிலாளர்கள் அத்தகைய வெயிலில் உழைப்பவர்கள். எனவே இச்சிகிச்சையின் வரலாறு அவர்களுக்கும் தொடர்புடையது.

தோற்றம்

செருமனியின் டோர்னியர் விமான நிறுவனம், அதிவேக விமானங்களின் மீது மழைத்துளிகள் மோதும்போது எழும் அதிர்வலைகளை ஆராய்ந்து வந்தது. அந்த அறிவைக் கொண்டு உருவான கருவியால், 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தனர். நோயாளி நீர்த்தொட்டியில் அமர்த்தப்பட்டார். நீருக்கடியில் எழுப்பப்பட்ட மின்பொறியின் அலைகள் கல்லின் மீது குவிக்கப்பட்டன. 1984 இல் அமெரிக்காவும் இக்கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

வெளியே தெரியாத காயம்

கத்தி படாததால் சிறுநீரகத்துக்குத் தீங்கில்லை என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் அலைகள் கல்லை மட்டும் தாக்குவதில்லை. அவை உண்டாக்கும் நுண்குமிழிகள் வெடித்துச் சுருங்கும்போது மெல்லிய இரத்தக் குழாய்கள் கிழிகின்றன. சிகிச்சைக்குப் பின் சிறுநீர் சிவந்து போவது இதனால்தான். அரிதாகச் சிறுநீரக உறையின் கீழ் இரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு.

1985 இல் சிகிச்சை பெற்றவர்களை 19 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த மயோ கிளினிக், அவர்களிடம் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடுதலாக இருப்பதாக 2006 இல் அறிவித்தது. பின்வந்த சில பெரிய ஆய்வுகளில் அத்தொடர்பு காணப்படவில்லை.

முறை மாற்றம்

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பன்றிகளிடம் நடந்த ஆய்வுகள் வழிகாட்டின. முதலில் வலு குறைந்த அலைகளைச் செலுத்தினால் காயம் குறைந்தது. நிமிடத்துக்கு 120 அலைகளுக்குப் பதில் 60 ஆகக் குறைத்தபோது சிறுநீரகம் காக்கப்பட்டது. கல்லும் நன்கு உடைந்தது.

தூத்துக்குடி உப்பளங்களில்

நிழலற்ற பாத்திகளில் வேலை செய்வோருக்குக் குடிநீர் எளிதில் கிடைப்பதில்லை. கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். நீண்டகால வெப்பமும் நீரிழப்பும் சிறுநீரகத்தை நலிவடையச் செய்யும். ஆகவே சிகிச்சைக்கு முன் இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றைச் சோதிப்பது இன்றியமையாதது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் இச்சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. கல்லை உடைத்த பின்னும் அதே வெயிலில் நீரின்றி உழைத்தால் கல் மீண்டும் உருவாகலாம். உப்பளத்தில் குடிநீரும் நிழலும் கழிப்பறையும் இருப்பதே முதல் தடுப்பு.