உதிரியின் பூர்வீகம்

'உதிர்' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் உதிரி. தொடுக்கப்படாத மலரை உதிரிப்பூ என்கிறோம். எந்தச் செடியில் பூத்தது என்பதைப் பூவைப் பார்த்து எவரும் சொல்லிவிட முடியாது. மோட்டார் வாகனத்தின் உறுப்புகளுக்கும் அச்சொல்லே வழங்கிவருவது பொருத்தந்தான். ஒரு வண்டியிலிருந்து கழன்று இன்னொரு வண்டியில் ஏறும் உறுப்பு தன் முற்கதையைத் தானே சொல்வதில்லை. பழைய உதிரிபாகத்தை வாங்குவதில் உள்ள பேரபாயம் அதன் வயதைவிட, அந்தக் கதை அறுந்துபோவதில்தான் இருக்கிறது.

ராசிபுரத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. தெற்கே நாமக்கல், லாரிக்குப் பாடி கட்டும் ஊர். மேற்கே திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் பேர்பெற்றது. அதற்கு வடக்கே சங்ககிரி, லாரித் தொழிலின் இன்னொரு நிலைக்களம். ஓடி ஓய்ந்த வண்டியைப் பிரித்துப் பயன்படும் உறுப்பை விற்பதை இவ்வட்டாரத்தார் இழிவாகக் கருதுவதில்லை, அது சிக்கனம். சென்னையில் அதற்கென்றே புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் காயலான் கடைகள்.

இச்சிக்கனத்துக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில், அமெரிக்கா பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்தியது. இங்கோ பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்கள் கரிவாயுவில் ஓடின. விடுதலைக்குப் பின், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாமல் பாகங்களை இறக்கிப் பூட்டிவிற்ற நிறுவனங்களுக்கு அரசு இடமளிக்கவில்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் முற்பகுதியில் வெளியேறின. அவர்கள் விட்டுச்சென்ற கார்கள் மட்டும் சாலையில் நின்றன. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தயாரித்த நிறுவனமும் 1980களின் இறுதியில் உற்பத்தியைக் கைவிட்டது. 2014இல் அம்பாசடரும் நின்றது. தாய் இறந்த பின்னும் பிள்ளைகள் வாழ்ந்தாக வேண்டுமல்லவா? ஒரு வண்டியின் உறுப்பு இன்னொன்றுக்கு உயிர் தந்தது இவ்வாறே.

அவ்வணிகம் ஊரளவில் நடந்தவரை, உறுப்பின் கதை மனிதரின் நினைவில் இருந்தது. பிரித்த மெக்கானிக்குக்கு அந்த வண்டி கவிழ்ந்த வண்டியா, கிழவர் ஒருவர் கோயிலுக்கு ஓட்டிய வண்டியா என்பது தெரியும். சந்தை பெருகி, சரக்கு பல கைகள் மாறிவரத் தொடங்கியதும் அந்த நினைவு அறுந்தது. எஞ்சியது சாயம் பூசிய இரும்பு.

இரும்பு கண்ணை ஏமாற்றும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் என்ஜினின் அச்சு முறிந்து, 50 பேருக்கு மேல் மாண்டனர். ஒரே சுமை திரும்பத் திரும்ப ஏறியிறங்கினால், முறிக்கப் போதாத அச்சுமையே நாளடைவில் நுண்விரிசலை வளர்த்து முறித்துவிடும் என்பதை ஸ்காட்லாந்தின் ராங்கின், ஜெர்மனியின் வோலர் முதலானோரின் ஆய்வுகள் பின்னர் தெளிவாக்கின. பொறியியலார் இதற்கு வைத்த பெயர், உலோகத்தின் களைப்பு. ஆக்ஸிலும் ஸ்டியரிங் உறுப்புகளும் இக்களைப்புக்கு ஆட்படுவனவே. எத்தனை லட்சம் குழிகளில் அவை விழுந்தெழுந்தன என்பது வெளித்தோற்றத்தில் எழுதப்பட்டிருக்காது.

இன்றைய கார்களில் அபாயம் இன்னும் நுட்பமானது. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் காற்றுப்பைகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, விபத்தின்போது வெடித்து உலோகத்துண்டுகளைச் சிதறடித்தது. கோடிக்கணக்கில் அவை திரும்பப் பெறப்பட்டன. ஆனால் உடைப்பு முற்றத்துக்குப் போன வண்டிக்கு அழைப்புக் கடிதம் போய்ச் சேருமா? 2017இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸில், பழைய வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டிய அத்தகைய காற்றுப்பை வெடித்து ஓர் இளம்பெண் கழுத்தில் படுகாயமுற்றார். உயிர்காக்க வைத்த பொருளே உயிருக்கு உலைவைக்கப் பார்த்தது.

கதை அறுவது விபத்தில் மட்டும் முடிவதில்லை. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கும் இடமாக நெடுங்காலம் பேசப்பட்ட மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் காவல்துறை மூடவைத்தது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, நம்புவதற்குக் காரணமிருந்தோ நேர்மையின்றிப் பெறுபவரும் குற்றவாளியே என்று 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. ரசீது இல்லாத என்ஜினை மலிவாக வாங்கியவர் தம் நேர்மையை எதைக் காட்டி நிலைநாட்டுவார்?

அதற்காகப் பழையதெல்லாம் நஞ்சு என்று சொல்வதும் அறிவன்று. கதவு, கண்ணாடி, இருக்கை, விளக்குக் கூடு ஆகியவை கெட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும்; தெரியாமற் போனாலும் பெரும்பாலும் செலவோடு போகும். பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸில், சீட் பெல்ட், காற்றுப்பை ஆகியவை அப்படியல்ல. டயரின் வயதை அதன் பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் சொல்லும்: முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. என்ஜினை மாற்றினால் பதிவுச்சான்றில் புதிய எண்ணைப் பதிந்தாக வேண்டும்.

வாகன உடைப்பு நிலையங்களுக்கென 2021இல் வந்த மத்திய அரசின் விதிகள், அறுந்த நினைவைக் காகிதத்தால் முடிச்சிடும் முயற்சியாகவே நமக்குப் படுகின்றன. ஆயினும் வாடகைக் காரோட்டி பிழைக்கும் ஒருவர், புதிய பாகத்தின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்கையில் காகிதத்தையா பார்ப்பார்? அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. 'இது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று' என்ற இரு கேள்விகளை மட்டும் அவர் கேட்கட்டும். விடை சொல்லத் தயங்கும் கடையில் பிரேக் வாங்காமல் திரும்புவதால் மிஞ்சுவது அவர் உயிர் மட்டுமன்று. பின்னிருக்கையில் அவரை நம்பி ஏறியவர் உயிரும்தான்.