பாலித் தீவின் கெரிஸ் பிடிகளில் புராண உருவங்கள்

கெரிஸ் என்பது இந்தோனேசியத் தீவுகளிலும் மலாய் நிலங்களிலும் வழங்கும் குத்துவாள். பாலித் தீவில் செய்யப்படும் கெரிஸின் பிடி பல வேளைகளில் ஒரு தெய்வம், வீரன் அல்லது அரக்கனின் முழு உருவமாகவே அமைந்திருக்கும். இவ்வாறு உருவம் செதுக்கிய பிடியைப் பாலி மக்கள் தோகோகான் என்பர். தோகோக் என்றால் சிலை. உள்ளங்கைக்குள் அடங்கும் இச்சிலைகள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. உருண்ட விழியும் கோரைப்பல்லும் இருந்தால் போதும், பழைய பட்டியல்கள் பலவற்றில் அவற்றுக்கு "அரக்கன்" என்று பெயர் விழுந்துவிடும். அவற்றுள் சில அரக்கர்கள் அல்லர். வாயு தேவனும் பீமனும் கூட அப்பெயரில் மறைந்திருக்கக்கூடும்.

பிடியின் அமைப்பு

அலகு, பிடி, உறை என்ற மூன்றும் கெரிஸின் தனித்தனி உறுப்புகள். அலகின் அடியிலுள்ள மெல்லிய காம்பு பிடியின் துளைக்குள் செருகப்படும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பூண் இருக்கும். பிடியை எளிதில் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்பதால், பிடியின் உருவத்தை வைத்து அலகின் காலத்தையோ, அலகை வைத்துப் பிடியின் காலத்தையோ கணிப்பது பிழையாக முடியும். அலகைப் பண்டே என்னும் கொல்லர் குலத்தார் அடித்தனர். பிடி மரத்திலோ, தந்தத்திலோ, அரசவைக்குரியதாயின் பொன் தகட்டில் மணிகள் பதித்தோ செய்யப்பட்டது.

பாலியில் கெரிஸை இடுப்பின் முன்புறம் செருகுவதில்லை. முதுகுப்புறம் சாய்வாகச் செருகுவர். பிடி வலது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும். அணிந்தவரின் தோளருகே ஒரு சிறு முகம் தெரிவதால்தான் முகத்துக்கும் தலைக்கோலத்துக்கும் சிற்பி மிகுந்த உழைப்பைச் செலவிட்டான் எனக் கொள்ளலாம். அதே வேளை, பிடி கையில் அடங்க வேண்டும். ஆகவே உருவத்தின் கைகள் உடலோடு ஒட்டியிருக்கும், முதுகு வளைந்து மழமழப்பாக இருக்கும். கைகளை அகல விரித்து, ஆயுதங்களை வெளியே நீட்டி நிற்கும் உருவம் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. இருபதாம் நூற்றாண்டில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செதுக்கப்பட்டவற்றை அறிய இது ஓர் எளிய சோதனை.

பாலியில் மட்டும் ஏன்?

ஜாவாவில் மஜபாகித் அரசு வீழ்ந்து இசுலாம் பரவிய பின், பிடிகளில் மனித உருவம் படிப்படியாகக் கரைந்தது. நடு ஜாவாவின் பிற்காலப் பிடிகளில் பூவேலைக்கு இடையே இரண்டு சிறு முகச் சாயல்கள் மட்டுமே எஞ்சின. மலாய் நிலங்களில் தலை குனிந்து, கைகளை வயிற்றோடு கட்டியது போன்ற ஒரு வடிவம் உண்டு. அதற்கு மக்கள் வைத்த பெயர் "ஜாவா டெமாம்", அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன். பட்டாணிப் பகுதியின் நீண்ட மூக்குப் பிடியை மீன்கொத்தி என்றே அழைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அதில் கோரைப்பல்லும் மகுடமும் உண்டு. நிழற்பாவைக் கூத்தின் ஒரு பாத்திரம், மூலம் மறந்துபோன பின் பறவையாகிவிட்டது போலும்.

பாலி இந்து சமயத்தைக் கைவிடவில்லை. இராமாயண, பாரதக் கதைகள் அங்கே கூத்திலும் ஓவியத்திலும் கோயில் சடங்கிலும் தொடர்ந்து வாழ்ந்தன. பிடியில் இருப்பவர் யார் என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய மக்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். 210 நாள்களுக்கு ஒருமுறை வரும் தும்பேக் லண்டேப் நாளில் கெரிஸ் முதலிய உலோகக் கருவிகளுக்குப் படையல் இடுவர். அன்று வணங்கப்படும் இறைவனின் பெயர் பசுபதி.

அடையாளங்களைப் படிக்கும் முறை

பாலியின் நிழற்பாவைக் கூத்தான வயாங் மரபே பிடிச் சிற்பத்துக்கும் இலக்கணம். அதில் பாத்திரங்கள் முதலில் இயல்பால் பிரிக்கப்படுகின்றன. மென்மையானவர்களுக்கு நீண்டு ஒடுங்கிய கண்ணும் ஒடுங்கிய உடலும்; வலிமை மிக்கவர்களுக்கு உருண்ட விழியும் மீசையும் பருத்த உடலும். இது நல்லவர், தீயவர் என்ற பிரிவு அன்று. அருச்சுனன் முதல் வகை. அவன் அண்ணன் பீமன் இரண்டாம் வகை. கோரைப்பல்லும் அவ்வாறே. பாலிக் கோயில் வாயில்களில் நிற்கும் பல் நீண்ட காவலர்கள் தீமையை உள்ளே விடாதவர்கள். அஞ்சத்தக்க முகம் காவலுக்குரிய முகம். முகத்தை மட்டும் பார்த்து அரக்கன் என முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

அடுத்தது தலைக்கோலம். இறாலின் கொடுக்குப் போல மேல்நோக்கிச் சுருண்ட கொண்டைக்கு சுபிட் ஊராங் என்று பெயர். பாண்டவ வீரர்களுக்கு அது உரியது. உயர்ந்த மகுடம் அரசர்க்கும் தெய்வங்களுக்கும் உரியது. பின்தலையில் பின்னோக்கிப் பார்க்கும் கருடன் தலை உயர்குடி அணிகலன். ஆகவே பிடியை முன்புறம் மட்டும் படம் எடுத்து வெளியிடும் பட்டியல்கள் பாதிச் செய்தியை விட்டுவிடுகின்றன.

ஓவியத்திலும் பாவையிலும் பாத்திரங்களைப் பிரிக்க நிறம் பெரிதும் உதவும். மரப்பிடியிலும் பொன் பிடியிலும் பெரும்பாலும் அந்த உதவி கிடைப்பதில்லை. எட்டுத் திசைக்கும் நடுவுக்கும் உரிய ஒன்பது தெய்வங்களைப் பாலியர் நிறத்தாலும் ஆயுதத்தாலும் பிரித்தறிவர். கிழக்கின் ஈசுவரனுக்கு வெள்ளையும் வச்சிரமும், தெற்கின் பிரமனுக்குச் சிவப்பும் கதையும், வடக்கின் விஷ்ணுவுக்குக் கருப்பும் சக்கரமும். கைகள் ஒடுங்கிய சிறு பிடியில் இந்த ஆயுதங்களைக் காட்ட இடம் குறைவு.

சில உருவங்களில் குழப்பமே இல்லை. துதிக்கை மார்பில் படிந்திருந்தால் கணபதி. பத்துத் தலை தேடுவோர்க்கு இராவணன் அகப்படமாட்டான். பாலிச் சிற்பி அவனை மகுடம் சூடிய ஒரு தலை அரசனாகவே காட்டுவதுண்டு.

வாயுவா, பீமனா, அனுமனா?

மிகப் பெரிய சிக்கல் காற்றுக் கடவுளின் குடும்பத்தில் இருக்கிறது. பீமனும் அனுமனும் வாயுவின் மக்கள். இந்த உறவை ஜாவாவும் பாலியும் கதையில் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, உடலிலும் எழுதிக் காட்டின. பஞ்சநகம் எனப்படும் நீண்ட கட்டைவிரல் நகம் இவர்களுக்குப் பொது. போலேங் எனப்படும் கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியும் பொது. ஆகவே ஆடையில் கட்டங்கள் கீறப்பட்டிருந்தால் வாயுவின் குடும்பம் என்று ஊகிக்கலாம், எந்த ஆள் என்று சொல்ல முடியாது. குடும்பம் என்பதும் முழு உறுதியன்று. வயாங் கூத்தில் பாண்டவரின் பணியாளராக வரும் துவாலேனும் அதே கட்டத் துணியை உடுத்துபவர்.

குரங்கு முகமும் வாலும் அனுமனைத் தனியே பிரித்துவிடும். மீதமுள்ள இருவரே தொல்லை தருபவர்கள். கையில் அமிர்தக் குடுவை ஏந்தி, விழி பிதுங்க நிற்கும் உருவம் பாலிப் பிடிகளில் புகழ்பெற்றது. அதை வாயு என்று அழைப்பது வழக்கம். ஆனால் பீமனுக்கும் உயிர்நீருக்கும் பாலியில் நெருங்கிய தொடர்பு உண்டு. வியாசர் பாரதத்தில் இல்லாத நவருசி கதையில், துரோணர் சொல் கேட்டு உயிர்நீரைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறான் பீமன். நாகத்தைக் கொன்று, தன்னைப் போலவே இருக்கும் ஒரு சிறு தெய்வத்தைக் காண்கிறான். அதன் காது வழியே உள்ளே புகுந்து உலகத்தையே பார்க்கிறான். பெற்றோரின் உயிர்களை நரகத்திலிருந்து மீட்கும் பீம சுவர்க்கம் கதையிலும் அமிர்த நீர் தேடல் வருகிறது. க்லுங்குங் நகரின் கெர்தா கோசா மண்டப விதானத்தில் இக்கதை வரையப்பட்டுள்ளது. எனவே குடுவை இருப்பதாலேயே வாயு என்பது வலுவான வாதம் அன்று. தலையைப் பார்க்க வேண்டும். கொடுக்குக் கொண்டையானால் பீமன் பக்கமும், உயர் மகுடமானால் தெய்வத்தின் பக்கமும் சாயலாம். இரண்டும் தேய்ந்திருந்தால் நின்றுவிடுவதே நேர்மை.

கெரிஸோடு பீமனைச் சேர்த்துப் பார்ப்பது புதிதன்று. ஜாவாவின் சுகூ கோயிலில் பதினைந்தாம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஒன்று உலைக்களத்தைக் காட்டுகிறது. அலகு அடிக்கும் கொல்லனைப் பீமன் என்றும் துருத்தி ஊதுபவனை அருச்சுனன் என்றும் கொள்வர். நடுவே யானைமுகன் ஆடுகிறான்.

உருவமற்ற பிடிகள்

எல்லாப் பிடியிலும் புராணத்தைத் தேடத் தேவையில்லை. பூச்சிக் கூட்டுப்புழுவின் வடிவிலான கோசெட்-கோசெட்டான், மரத்தின் இயற்கை வரிகளையே அழகாகக் கொண்ட பெபொண்டொலான் ஆகியவையும் பாலியின் மதிப்புமிக்க பிடி வகைகளே. கூட்டுப்புழுவின் மடிப்புகளைக் கூப்பிய கைகளாகக் காண விரும்பும் கண்ணுக்கு அங்கும் ஒரு தெய்வம் தெரியலாம்.

கொள்ளையும் பெயரிழப்பும்

பிடிகளின் பெயர்கள் மறைந்ததற்குச் சிற்பத்தின் நுணுக்கம் மட்டும் காரணமன்று. 1894இல் லொம்போக் தீவில் பாலி வம்சத்தாரின் அரண்மனையை டச்சுப் படை கொள்ளையிட்டது. 1906 செப்டம்பரில் படுங் அரச குடும்பத்தாரும், 1908 ஏப்ரலில் க்லுங்குங் அரச குடும்பத்தாரும் கெரிஸ் ஏந்தித் துப்பாக்கிகளை நோக்கி நடந்து மடிந்தனர். புபுதான் எனப்படும் இந்தச் சாகும்வரைப் போர்களுக்குப் பின் அவர்களின் கெரிஸ்கள் படாவியாவுக்கும் நெதர்லாந்துக்கும் சென்றன. ஒரு கெரிஸுக்குத் தனிப்பெயர் உண்டு, பரம்பரைக் கதை உண்டு. திருமணத்தில் வர இயலாத மணமகனுக்குப் பதிலாக அவன் கெரிஸையே வைத்து நடத்தும் வழக்கமும் இருந்தது. கப்பலேறியபோது பொருள் மட்டும் சென்றது. அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் போர்க்களத்தில் கிடந்தனர்.

2005இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கெரிஸை மனிதகுலத்தின் வாய்மொழி மற்றும் தொட்டுணர முடியாத மரபின் தலைசிறந்த படைப்பாக அறிவித்தது. 2023 ஜூலையில் நெதர்லாந்து அரசு இந்தோனேசியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்த 478 பொருள்களுள் லொம்போக் புதையலோடு க்லுங்குங்கின் கெரிஸ் ஒன்றும் அடங்கும். இன்னும் பல பிடிகள் காட்சிப் பேழைகளில் உள்ளன. அவற்றுக்கு "அரக்கன், பாலி" என்று எழுதுவதைவிட, "கோரைப்பல்லும் கட்டத் துணியும் உடைய, குடுவை ஏந்திய உருவம், வாயு அல்லது பீமன்" என்று எழுதுவது அடுத்து ஆராய வருபவருக்குப் பயன்படும்.