சிறுதேரின் விலை

பட்டினப்பாலை பயின்றோர், காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் நிகழும் அச்சிறு நிகழ்ச்சியை மறந்திரார். உலரும் உணவைக் கவர வந்த கோழியை மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். அக்குழை, சிறுவர் உருட்டிவரும் மூன்றுருளைச் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. நகரின் செல்வத்தைக் காட்ட வந்த உருத்திரங்கண்ணனார் பொன்னைத் தடைக்கல்லாக்கினார். தேருக்கு விலை கூறினாரல்லர். இன்றோ பழைய சிறுதேர்களுக்கு விலை கூறுவதே ஒரு தொழிலாயிற்று. அவர்தம் அளவுகோல் யாது?

தஞ்சோங் பகாரில் 1970களில் வளர்ந்த எனக்கு வாய்த்த சிறுதேர், இலண்டன் லெஸ்னி நிறுவனத்தார் வார்த்த மேட்ச்பாக்ஸ் லாரி. அவ்வரிசையின் பிறப்பு ஆசிரியராகிய நமக்குச் சுவை தருவது. தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளையே கொண்டுவரலாம் என ஓர் ஆங்கிலப் பள்ளி விதித்திருந்ததாம். ஜாக் ஓடெல் என்பார் தம் மகளுக்கென ஒரு சின்னஞ்சிறு ரோடு ரோலரைப் பித்தளையிற் செய்து கொடுத்தார். 1953இல் வரிசை விற்பனைக்கு வந்தது. பள்ளி விதிகளும் சிற்சில வேளை பயன் தரும் போலும்!

வண்ணம் மங்கியதென்று பின்னாளில் அந்த லாரிக்கு நானே சிவப்புச் சாயம் பூசினேன். பழம்பொருள் மதிப்பிடுவார் ஒருவரிடம் காட்டியபோது, "பெட்டி உண்டா?" என்றே முதலிற் கேட்டார். அது கேலியன்று. அட்டைப்பெட்டி பிரித்த அன்றே குப்பைக்குப் போவது. ஆதலின் வண்டியினும் அரிது. சிலபோது பெட்டிக்கே வண்டியினும் மிகுந்த விலை படும். அடுத்து அவர் தேடுவது ஆலையிற் பூசிய சாயம், மாற்றப்படாத சக்கரம், சின்னாள் மட்டும் வெளிவந்த நிறம். மறுசாயம் கண்டதும் என் வண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பெட்டியுள் உறங்கினாலும் எல்லாம் பிழைப்பதில்லை. லிவர்ப்பூலில் 1930களில் வார்த்த டிங்கி வண்டிகள் பலவற்றின் துத்தநாகக் கலவையில் ஈயம் முதலிய மாசு புகுந்துவிட்டது. அவை உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகின்றன. தீண்டாமற் காப்பதே மதிப்பு என்போர்க்கு இஃதொரு விடை. அதே டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960களின் இறுதியிற் கல்கத்தாவை அடைந்து, 'நிக்கி' என்னும் பெயர் பூண்டு புதிய வண்டிகளை ஈன்றன. வார்ப்பு சற்று முரடு; அம்முரட்டு வண்டிகளையும் இன்று சேகரிப்போர் தேடுகின்றனர்.

அரியதற்கு விலை மிகும் என்னும் சந்தையின் கணக்கைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் குழந்தை தொடாத பொம்மைக்கே முதலிடம் தரும் கணக்கு அது. வரலாறு கற்பிப்பவனுக்கோ தேய்ந்த சக்கரமே சான்று: எத்தரையில் உருண்டது, எத்தனை கை மாறியது என்பதை அதுவே உரைக்கும். எங்கள் குடியிருப்பில் பால் டப்பாவைத் தட்டி, சோடா மூடியைச் சக்கரமாக்கி, கயிறு கட்டி இழுத்தோம். ஆலைப்பெயரும் பெட்டியும் இல்லாத அவ்வண்டிகளுக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. இழுத்த எங்களுள்ளும் எவரும் ஒன்றையேனும் எடுத்துவைக்கவில்லை.

லாரி மட்டும் என் மேசைமேல் உள்ளது. ஆசிரியப் பயிற்சி வகுப்பில் அதனைக் கைக்குக் கை அனுப்புவேன். சிவப்பு உரிந்த இடத்தில் பழைய பச்சை தெரிகின்றது. பின்சக்கரத்து நெகிழியில் என் தம்பியின் பால்பல் பதிந்த தடமும் உண்டு. அதனை இதுவரை கண்டு கேட்டவர் இருவரே.