நாலு போல்ட்டும் ஒரு புத்தகமும்

கார் எஞ்சினை இறக்கணும்னு மெக்கானிக் சொன்னாலே நமக்கு வயித்தைக் கலக்கும். பில்லு எவ்வளவு வருமோங்கிற பயம்தான். ஆனா 1970களில் அமெரிக்காவுல, ஸ்பேனரே பிடிச்சுப் பழகாத பலர் இதை வீட்டு வாசல்லயே செஞ்சாங்க. இன்னைக்கு அந்தக் கதை.

கார், ஃபோக்ஸ்வேகன் பீட்டில். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். காத்துலயே குளிரும், அதனால ரேடியேட்டர் கிடையாது. கியர்பாக்ஸோட எஞ்சினைப் பிடிச்சு வைக்கிறது நாலே நாலு போல்ட்டு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. முதல்ல பேட்டரி இணைப்பைக் கழட்டணும். அப்புறம் வயர், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோல் டியூப், ஹீட்டர் கேபிள் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா விடுவிக்கணும். காரோட பின்பக்கத்தைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுல நிறுத்தணும். எஞ்சினுக்கு அடியில ஜாக்கி கொடுத்து, நேரா பின்னாடி இழுத்து, மெதுவா இறக்கணும். எடை சுமார் 100 கிலோ. அவசரப்பட்டா கையோ காலோ போயிடும்.

இறக்க வேண்டிய தேவையும் அடிக்கடி வந்தது. கிளட்ச் தட்டை மாத்தணும்னாலே எஞ்சின் வெளிய வரணும். பழைய மாடல்கள்ல ஆயில் கூலர் காத்துப் பாதையை மறைச்சதால, மூணாவது சிலிண்டர் மத்ததைவிட அதிகமா சூடாகும். வால்வு இடைவெளியைக் கவனிக்காம விட்டா, ஒருநாள் வால்வு கருகி நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்.

இந்தக் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்கள்ல பலர் காசில்லாத இளைஞர்கள். ஒர்க்‌ஷாப் பில்லு கட்ட முடியலைன்னா காரே போச்சு, வேலைக்குப் போற வழியும் போச்சு.

சரி, நாலு போல்ட்டு பல வருஷமா அங்கேயேதான் இருந்தது. அப்புறம் என்ன மாறுச்சு? 1969ல ஒரு புத்தகம் வந்தது. எழுதினவர் ஜான் முயர். லாக்ஹீட் விமான நிறுவனத்துல எஞ்சினியரா இருந்து, அதை விட்டுட்டு நியூ மெக்சிகோவுல மெக்கானிக் ஆனவர். ஃபோக்ஸ்வேகனை உயிரோட வச்சிருப்பது எப்படிங்கிறதுதான் புத்தகம். ஒண்ணுமே தெரியாத ஆளுக்குன்னு தலைப்பிலேயே கிண்டலா போட்டிருந்தார். பீட்டர் அஷ்வாண்டன் வரைஞ்ச படங்கள், பக்கத்துல உக்காந்து ஒரு நண்பர் சொல்லித் தர்ற மாதிரி நடை. அவரே சொந்தமா வெளியிட்ட அந்தப் புத்தகம் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல வித்தது.

நான் சாஃப்ட்வேர் ஆளு. எனக்கு இது ரொம்பப் பழகின விஷயமா தெரியுது. எவ்வளவு எளிமையா கோடு எழுதினாலும், டாகுமென்டேஷன் இல்லைன்னா அடுத்தவன் அதைத் தொட பயப்படுவான். அந்தப் பயத்தைத்தான் முயர் போக்கினார்.

பழைய கார்தான் ஒசத்தின்னு நான் சொல்ல வரலை. இன்னைக்கு எஞ்சின்களுக்கு அவ்வளவு பராமரிப்பு தேவையில்லை, புகையும் குறைவு. பீட்டில் உற்பத்தியும் 2 கோடியே 15 லட்சம் கார்களைத் தாண்டி, 2003ல மெக்சிகோவுல நின்னுபோச்சு. ஆனா இப்போ பானெட்டைத் திறந்தா நமக்குத் தெரியறது ஒரு பிளாஸ்டிக் மூடி. கோளாறு என்னன்னு பார்க்கவே ஸ்கேனர் வேணும். நம்ம பொருளை நாமே திறந்து பார்க்கலாங்கிற நினைப்பே மெல்ல மறந்துட்டு வருது.

இந்த வாரம் உங்க வண்டியோட மேனுவலை எடுத்து ஒரு பத்து பக்கம் படிங்க. ஏர் ஃபில்டர் எங்க இருக்குன்னாவது கண்டுபிடிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.