உப்புநீர் மின்பகுப்புக் கலம்

உப்புநீர் மின்பகுப்புக் கலம் என்பது, சாதாரண உப்பைக் கரைத்த நீரில் மின்னோட்டத்தைச் செலுத்தி, குளோரின், காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் ஆகிய மூன்று பதார்த்தங்களையும் ஏககாலத்தில் பெறுவதற்கென அமைந்த ரசாயன உபகரணமாகும். திரவக் கரைசல்களை மின்சாரத்தால் பகுக்கும் சாதனங்கள், செம்பைச் சுத்தி செய்யும் தொட்டி, உலோகங்களுக்கு முலாம் பூசும் தொட்டி, நீரைப் பகுக்கும் கலம் என்று பலவாக விரிந்து செல்லும். ஆயினும், அமைப்பவனுடைய சாமர்த்தியத்தை மிகக் கடுமையாகச் சோதித்ததும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக உருமாறிக்கொண்டே வந்து இன்றும் முடிந்த உருவை அடையாததும் உப்புநீர்க் கலமே என்று சொல்லலாம்.

இதன் தத்துவம் எளியது. நேர்மின்வாயில் குளோரின் வாயு எழுகிறது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் எழ, அதன் அருகே உள்ள நீரில் காஸ்டிக் சோடா சேர்கிறது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பொருள் என்பதை மைக்கேல் ஃபாரடே 1834-ஆம் ஆண்டுவாக்கில் வகுத்த விதிகள் ஐயத்துக்கு இடமின்றி நிர்ணயித்துவிட்டன: 1000 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் வழுவின்றி வேலை செய்தால் 1.32 கிலோ குளோரினும் 1.49 கிலோ காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். அதற்குமேல் ஒரு குன்றிமணியும் எவராலும் பெற இயலாது. சிரமமெல்லாம் இதற்கு அப்பால்தான் ஆரம்பமாகிறது. பிறந்த குளோரின் காஸ்டிக் சோடாவைச் சந்தித்தால் இரண்டும் கூடிச் சலவை நீராகவும் குளோரேட்டாகவும் மாறிக் கெட்டுப்போகும். ஹைட்ரஜனைச் சந்தித்தாலோ, ஒரு பொறி கூட வேண்டாம், சூரிய ஒளி பட்டதுமே வெடிக்கும். ஆகவே, பகுப்பது மின்சாரத்தின் வேலையாக இருக்க, பகுத்தவை மீண்டும் கூடாதபடி காவல் நிற்பது கலத்தின் வேலையாயிற்று. அந்தக் காவலும் இலவசமாக அமைவதன்று. இடையில் எந்தத் தடையை வைத்தாலும் அது மின்னோட்டத்தையும் ஓரளவு தடுத்து, மின்சாரச் செலவை ஏற்றிவிடும். இக்கலத்தின் சரித்திரம் முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த பேரமே.

1800-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா தம்முடைய மின்கல அடுக்கைப் பற்றி லண்டன் ராயல் சொஸைட்டிக்கு எழுதிய செய்தி பரவிய சில வாரங்களுக்குள், வில்லியம் நிக்கல்ஸனும் ஆந்தனி கார்லைலும் அதைக் கொண்டு நீரைப் பகுத்துக் காட்டினர். அதே ஆண்டில் வில்லியம் குரூக்ஷாங்க் என்பவர் உப்புநீரையும் பகுத்துப் பார்த்தார். சோதனைச் சாலையில் இவ்வளவு விரைவில் கைகூடிய காரியம் தொழிற்சாலையை அடைய ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன என்பது வியப்பாகத் தோன்றலாம். 1851-இலேயே சார்ல்ஸ் வாட் என்னும் ஆங்கிலேயர் உப்புநீர் மின்பகுப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால், அமிலத்தில் துத்தநாகத்தைக் கரைத்துப் பெற்ற மின்சாரத்தைக் கொண்டு, மலிவான காஸ்டிக் சோடாவைச் செய்ய முற்படுவது வியாபாரமாகாது. டைனமோ என்னும் மின்னாக்கி 1860-களின் பிற்பகுதியில் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும் இயந்திரமாக விருத்தியடைந்த பிறகே கலத்தை வகுப்பவர்களுக்கு வேலை வந்தது.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகிலுள்ள கிரீஸ்ஹைம் ரசாயனத் தொழிற்சாலையில், 1890 வாக்கில், முதன்முதலாக வியாபார ரீதியில் கலங்கள் ஓடத் தொடங்கின. அங்கே கையாண்ட உபாயம் குறிப்பிடத்தக்கது. சிமெண்டோடு உப்பையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்துப் பிசைந்து தகடுகளாக வார்த்து, இறுகியபின் அவற்றை நீரில் ஊறவிட்டால், உள்ளிருந்த உப்புக் கரைந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகும். அத்தகடுகளால் ஆன பெட்டிகளுக்குள் நேர்மின்வாயை வைத்து, பெட்டிகளை இரும்புத் தொட்டிக்குள் இறக்கி, தொட்டியையே எதிர்மின்வாயாகக் கொண்டனர். மின்சாரம் துளைகளின் வழியே செல்லும், வாயுக்கள் செல்லா. எனினும் காஸ்டிக் சோடா செறிவடையச் செறிவடைய, அதன் ஒரு பகுதி துளை வழியே திரும்பி நேர்மின்வாயின் பக்கம் போய்க்கொண்டிருந்ததால், குறிப்பிட்ட அளவுக்குமேல் செறிவேற்ற முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

இந்தக் குறைக்கு மாற்றுக் கண்டவர் எர்னஸ்ட் லெ ஸ்யூவர். 1893-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ரம்ஃபோர்டு ஃபால்ஸில் அவர் நிறுவிய கலத்தில், உப்புநீரே நேர்மின்வாய்ப் பக்கத்திலிருந்து திரையின் ஊடாக எதிர்மின்வாயை நோக்கி ஓயாது கசிந்து வந்தது. எதிர் ஓட்டத்தில் நீந்த முடியாத மீன்போல, திரும்ப முயலும் காரப்பொருள் அந்தக் கசிவிலேயே பின்னோக்கித் தள்ளப்பட்டது. கலமும் இரவு பகலாக நிற்காமல் ஓடிற்று. திரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் உகந்ததாயிற்று. பின்னர் நயாகராவில் ஹூக்கர் கம்பெனியில் வளர்ந்த கலங்களில், கல்நார்க் காகிதத்தைச் சுற்றும் பழைய வழக்கத்தை விட்டு, எஃகு வலையாலான எதிர்மின்வாயைக் கல்நார்க் கூழில் அமிழ்த்தி உறிஞ்சு விசையால் அதன்மேல் நாரைப் படியவைக்கும் முறை 1920-களின் இறுதியில் வந்தது. எவ்வளவு கோணல்மாணலான வலையிலும் திரை சீராகப் படிந்தமையால், சிறிய இடத்துக்குள் மின்வாயின் பரப்பை மிகுதியாக மடித்து அடுக்க வழி பிறந்தது. ஆனால் இந்த வகைக் கலத்திலிருந்து வெளிவரும் திரவத்தில் 10 முதல் 12 சதவீதம் காஸ்டிக் சோடாவும், அதைவிட மிகுதியான உப்பும் கலந்தே இருக்கும். நீராவி செலவிட்டுக் காய்ச்சி உப்பைப் பிரித்த பின்னும், சற்று உப்புத் தங்கவே செய்யும்.

உப்பே கலவாத சோடா வேண்டும் என்ற நோக்கத்தோடு புறப்பட்டவர் ஹாமில்ட்டன் காஸ்ட்னர். நியூயார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் நடத்திய இவர், அலுமினியம் செய்வதற்கு வேண்டிய சோடியத்தை மலிவாக்கி, ஆல்ட்பரியில் ஆலையும் அமைத்தார். அந்தச் சமயத்தில்தான், சோடியத்தையே வேண்டாத ஹால்–ஹெரூ முறை வந்து அவருடைய சந்தையைப் பறித்தது. கையில் எஞ்சிய சோடியத்துக்கு வேறு பிரயோகங்களைத் தேடியவர், சோடியம் செய்யச் சுத்தமான காஸ்டிக் சோடா கிடைக்காத குறையைத் தீர்க்கப் போய், 1892-இல் பாதரசக் கலத்தைக் கண்டார். ஒரு தொழில் கவிழ்ந்ததன் பயனாகவே அதனினும் பெரிய தொழில் ஒன்று எழுந்த சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

காஸ்ட்னரின் கலம் பார்க்கவே விசித்திரமானது. பலகைக் கல்லால் ஆன அகன்ற பெட்டி, இரண்டு தடுப்புகளால் மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கும். தடுப்புகள் அடித்தளத்தைத் தொடாமல், தளத்தில் வெட்டிய பள்ளங்களுக்குள் இறங்கி நிற்க, தளம் முழுவதும் பாதரசம் பரவியிருக்கும். இரு பக்க அறைகளில் உப்புநீரும் கார்பன் நேர்மின்வாய்களும், நடு அறையில் வெறும் நீரும் இரும்பு மின்வாய்களும் உண்டு. பெட்டியின் ஒரு முனை அச்சில் நிற்க, மறுமுனையை மையம் விலகிய சக்கரம் ஒன்று மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டிக்கொண்டிருக்கும். பக்க அறையில் சோடியத்தை ஏற்றுக்கொண்ட பாதரசம், அந்த ஆட்டத்தால் தடுப்பின் அடியில் வழிந்து நடு அறைக்குச் சென்று, அங்குள்ள நீரிடம் சோடியத்தை ஒப்படைத்துவிட்டு மீளும். உப்புநீர் ஓர் அறை, சோடா மற்றோர் அறை. இரண்டும் ஒருபோதும் ஒன்றையொன்று காண்பதில்லை. திரையே இல்லாமல், நகரும் திரவ உலோகத்தையே திரையாக்கிய இந்த யுக்திக்கு ஈடாக இத்துறையில் வேறொன்றை எண்ணிச் சொல்வது கடினம். ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரியாவின் கார்ல் கெல்னரும் அதே கருத்தை எட்டியிருந்தமையால், வழக்காடுவதினும் உடன்படுவது மேல் என்று இருவரும் காப்புரிமைகளைப் பகிர்ந்துகொண்டனர். 1895-இல் காஸ்ட்னர்–கெல்னர் கம்பெனி தோன்றி, 1897-இல் ரன்கார்னில் ஆலை ஓடத் தொடங்கியது. காஸ்ட்னர் 1899-இல் நாற்பத்தொரு வயதில் காலமானார். ஆடும் பெட்டிக்குப் பதில், சற்றே சரிந்த நீண்ட எஃகுத் தொட்டியில் பாதரசத்தை ஓடவிட்டு, கடைக்கோடியில் கிராஃபைட் நிரப்பிய தனிப் பாத்திரத்தில் அதை நீரோடு சேர்த்து, பின்னர்ப் பம்பின் மூலம் தலைமாட்டுக்கு ஏற்றும் அமைப்பே காலப்போக்கில் எங்கும் நிலைத்தது. 50 சதவீதச் செறிவில், ரேயான் ஆலைகள் விரும்பிக் கேட்கும் சுத்தத்தோடு சோடா கலத்திலிருந்து நேராகவே வந்ததால், மின்சாரம் அதிகம் செலவானபோதிலும் ஐரோப்பாவும் ஜப்பானும் இம்முறையையே தழுவின.

கலங்களைத் தொகுதியாக நிறுவுவதிலும் சூட்சுமங்கள் பல உண்டு. ஒரு கலத்துக்கு வேண்டிய மின்னழுத்தம் மூன்று அல்லது நான்கு வோல்ட்டுதான். ஓட்டமோ பல்லாயிரம் ஆம்பியர். ஆதலால் பல கலங்களைத் தொடராக இணைக்கின்றனர். அவையனைத்துக்கும் ஒரே குழாயிலிருந்து உப்புநீர் ஊட்டினால், அந்த நீர்த்தாரையே கம்பியாகி, மின்சாரம் அதன் வழியே கசிந்து குழாய்களை அரித்துத் தின்றுவிடும். இதைத் தவிர்க்க, பழைய ஆலைகளில் உப்புநீரைத் தாரையாக விழவிடாமல் துளித்துளியாக உடைந்து விழும்படி செய்தார்கள். துளிக்கும் துளிக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளியே மின்காப்பாக நின்றது.

நேர்மின்வாயின் கதை தனியே சொல்லத் தக்கது. ஈரமான குளோரினை எதிர்த்து நிற்கும் மலிவான உலோகம் இல்லாமையால், முதலில் கார்பனும், நயாகராவில் எட்வர்டு ஆச்சிஸன் மின்உலையில் செயற்கைக் கிராஃபைட் செய்யத் தொடங்கிய பின் அதுவும் எழுபது ஆண்டுகள் போல ஆட்சி செலுத்தின. ஆனால் ஒவ்வொரு டன் குளோரினுக்கும் இரண்டு மூன்று கிலோ கிராஃபைட் தேய்ந்துபோகும். தேயத் தேய மின்வாய்களுக்கு இடையே தூரம் கூடி, மின்னழுத்தமும் ஏறும். டைட்டானியம் ஈரக் குளோரினுக்கு அசையாது. எனினும் அதை நேர்மின்வாயாக வைத்தால், கணத்தில் ஆக்ஸைடு போர்வையைப் போர்த்திக்கொண்டு மின்னோட்டத்தை நிறுத்திவிடும். ஹென்றி பீர் என்பவர் அந்தப் போர்வையின்மீதே ருத்தேனியம் ஆக்ஸைடும் டைட்டானியம் ஆக்ஸைடும் கலந்த மெல்லிய பூச்சைச் சுட்டுப் படியவைத்து, 1960-களில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இத்தாலியின் டெ நோரா நிறுவனத்தார் அதைத் தொழிலாக்கினர். பூச்சு உள்ளவிடத்தில் மின்சாரம் தடையின்றிச் செல்லும். பூச்சு கீறிய இடத்தில் டைட்டானியம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் உருக்குலையாத மின்வாய் கிடைத்ததும், இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் குறைக்க முடிந்தது. இக்கலத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மின்சாரச் செலவை வெகுவாகக் குறைத்த மாற்றம் இதுவேயாகும்.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மேட்டூர் அணையை அடுத்து 1936-இல் தோன்றிய மேட்டூர் கெமிக்கல்ஸ், இந்நாட்டில் இத்தொழிலின் தொடக்ககால ஸ்தாபனங்களுள் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கிராஃபைட்டுக்கு மாற்றாக டைட்டானிய நேர்மின்வாய்களை நம் நாட்டிலேயே உருவாக்கியது.

பாதரசத்தின் வீழ்ச்சி கலத்துக்குள்ளிருந்து வரவில்லை. ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரையூரில் மீனுண்டவர்களை முடமாக்கிய நோய் 1956-இல் வெளிப்பட்டது. அதற்குக் காரணமான பாதரசம் அஸிட்டால்டிஹைடு ஆலையிலிருந்து வந்ததேயன்றி, உப்புநீர்க் கலத்திலிருந்து வந்ததன்று. ஆயினும், டன் கணக்கில் பாதரசத்தைத் திறந்த தொட்டிகளில் ஓடவிட்டு, அதில் ஒரு பகுதியை நீரிலும் காற்றிலும் இழந்துகொண்டிருந்த தொழிலால், தான் குற்றவாளியல்ல என்று தப்பித்துக்கொள்ள இயலவில்லை. 1973-இல் ஜப்பானிய அரசு அம்முறையைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்கு மாற்றாக வந்தது மூன்றாம் வகைக் கலம். டூபாண்ட் கம்பெனியில் வால்தர் குரோட் ஆக்கிய நாஃபியான் என்னும் ஃபுளோரின் பிளாஸ்டிக் சவ்வு, சோடியம் அயனிகளை விடுத்து மற்றவற்றைத் தடுக்கும் இயல்புடையது. அதைக் கொண்டு 1975-இல் அஸாஹி கெமிக்கல் கம்பெனி நொபியோக்காவில் ஆலையை இயக்கியது. நேர்மின்வாயை நோக்கிய முகத்தில் ஸல்ஃபோனிக் வகையும், எதிர்மின்வாயை நோக்கிய முகத்தில் கார்பாக்ஸிலிக் வகையுமாக இரண்டடுக்குச் சவ்வு பின்னர் வந்தது. 32 சதவீதச் சோடா, ஏறக்குறைய உப்பின்றி, மூன்று வோல்ட் அளவிலேயே கிடைத்தது. இதற்கு விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. உப்புநீரில் கால்சியமும் மக்னீஸியமும் நூறு கோடியில் இருபது பங்குக்கு மேல் இருந்தால் சவ்வுக்குள் படிந்து அதைக் கெடுத்துவிடும். ஆதலால் கலத்தைக் காட்டிலும் அதற்கு முன்னுள்ள சுத்திகரிப்புச் சாலையே இன்று பொறியாளர்களின் கவலையை அதிகம் ஈர்க்கிறது.

2013-இல் நாடுகள் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, பாதரசக் கலங்களுக்கு 2025-ஆம் ஆண்டை இறுதித் தவணையாக விதித்தது. கல்நார்த் திரையும் அவ்வழியே போகிறது: அமெரிக்க அரசு 2024-இல் அதற்குத் தடை விதித்து, அதைப் பயன்படுத்தும் ஆலைகள் மாறிக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்துள்ளது. உப்புநீரைப் பகுக்கக் கணக்குப்படி வேண்டிய மின்னழுத்தம் சுமார் 2.2 வோல்ட்; சவ்வுக் கலம் அதற்குமேல் கேட்கும் எஞ்சிய பகுதி இன்னும் உஷ்ணமாகவே போய்க்கொண்டிருக்கிறது.